கொலை நடக்கும் இடத்தை வேலை வாங்குங்கள்

துப்பறியும் நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் யோசிப்பது கொலையாளி யார் என்பதை. அடுத்து செத்தவர், அதற்கடுத்து துப்பறிவாளர். இடம் கடைசியில்தான் வருகிறது. ஊட்டியில் ஒரு பழைய பங்களா, கொஞ்சம் மூடுபனி, தூரத்தில் நரி ஊளை என்று மூன்று வரி எழுதிவிட்டு நேராகப் பிணத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த பங்களாவை எடுத்துவிட்டு அங்கே ஓர் அண்ணாநகர் அடுக்குமாடி வீட்டை வையுங்கள். கதையில் எதுவும் உடையவில்லையா? அப்படியானால் உங்கள் ஊட்டி ஒரு படுதா, அவ்வளவுதான்.

களத்தை வேலை வாங்குவது எப்படி என்பதற்கு ஒரே ஒரு நாவலைப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்: ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்'. லண்டனின் 'ஸ்ட்ராண்ட்' இதழில் 1901 ஆகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை தொடராக வந்தது. தொடர் முடிவதற்கு முன்பே, மார்ச்சில், புத்தகமாகவும் வந்துவிட்டது. கொலையாளியின் பெயர் உட்பட எல்லா முடிச்சுகளையும் இங்கே அவிழ்க்கப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு அதைப் படித்து முடித்து வாருங்கள். இந்த அத்தியாயம் எங்கும் ஓடிவிடாது.

முதலில் நிலம், பிறகுதான் ஹோம்ஸ்

1893-இலேயே ஷெர்லக் ஹோம்ஸை சுவிட்சர்லாந்து அருவி ஒன்றில் தள்ளிக் கதையை முடித்துவிட்டார் டாயில். எட்டு ஆண்டுகள் கழித்து, டெவன் மாவட்டத்தில் வளர்ந்த பத்திரிகையாளர் பெர்ட்ரம் ஃப்ளெட்சர் ராபின்சன் ஒரு பேய் நாயைப் பற்றிய பழங்கதையை அவரிடம் சொன்னார். டாயிலுக்குப் பொறி தட்டியது. இருவரும் டார்ட்மூருக்குப் போய், பிரின்ஸ்டவுன் என்ற சிற்றூரில் டச்சி ஹோட்டலில் தங்கி, வெளியெல்லாம் நடந்து திரிந்தார்கள். ஒரே நாளில் 14 மைல் நடந்ததை டாயில் தன் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். கதை முதலில் உருவானபோது அதில் ஹோம்ஸ் கிடையாது. நாயும் நிலமும் பயமும் சேர்ந்த பிறகு, இதையெல்லாம் கட்டியிழுக்க வலுவான ஆள் ஒருவர் வேண்டும் என்றுதான் ஹோம்ஸ் உள்ளே வந்தார். அருவிச் சம்பவத்துக்கு முன்பு நடந்த கதை என்று சமாளித்துக்கொண்டார்கள்.

டார்ட்மூரில் டாயில் கண்டது என்ன? கிரானைட் பாறை மேல் அமைந்த, மரங்கள் குறைந்த மேட்டுவெளி. பாறைக்கு மேல் கரிமண். மழை கொட்டும் ஊர். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் ஆங்காங்கே புதைசேறாகத் தேங்கி நிற்கும். குன்றுகளின் உச்சியில் 'டோர்' எனப்படும் பாறைக் குவியல்கள். வெண்கலக் கால மனிதர்கள் விட்டுப்போன வட்ட வடிவக் கல்குடில்களின் எச்சங்கள். கிரிம்ஸ்பவுண்ட் என்ற இடத்தில் மட்டும் ஒரே மதிலுக்குள் 24 குடில்களின் அடித்தளங்கள். கைவிடப்பட்ட தகரச் சுரங்கங்கள். நடுவே, நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைக்க 1809-இல் திறக்கப்பட்டு, 1850 முதல் கொடுங்குற்றவாளிகளுக்கான சிறையாக இருந்த கல் கட்டடம்.

இவற்றில் எதையும் டாயில் கற்பனையாக உண்டாக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தார். சிறை இருக்கிறது, ஆகவே தப்பிய கைதி செல்டன் இருக்கிறான். அவனுக்குச் சோறு கொடுக்கும் அக்கா பாஸ்கர்வில் மாளிகையிலேயே வேலைக்காரியாக இருக்கிறாள். நள்ளிரவில் ஜன்னலோரம் மெழுகுவத்தி காட்டும் வேலைக்காரன் பாரிமோர் மீது நமக்குச் சந்தேகம் பாய்கிறது. கல்குடில் இருக்கிறது, ஆகவே ஹோம்ஸ் ஒளிந்திருக்க இடம் கிடைக்கிறது. பழைய சுரங்கம் இருக்கிறது, ஆகவே ராட்சத நாயை யாருக்கும் தெரியாமல் கட்டிவைக்க முடிகிறது. வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, ஆகவே வலையைத் தூக்கிக்கொண்டு எந்த நேரத்திலும் வெளியில் அலைந்தாலும் கொலையாளி ஸ்டேப்பிள்டனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான்காவதைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். கொலையாளிக்கு ஒரு தொழில் கொடுக்க வேண்டும் என்று நாமும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். வக்கீலாக்கலாமா, டாக்டராக்கலாமா? டாயில் நிலத்தைக் கேட்டிருக்கிறார்: இந்த வெளியில் யார் அலைந்தால் இயல்பாக இருக்கும்?

ஆட்களை இடம் கொடுக்கட்டும்

துப்பறியும் கதையில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆறேழு பேருக்குள் இருந்தாக வேண்டும். பெருநகரத்தில் அந்த எண்ணிக்கையை நியாயப்படுத்துவது கஷ்டம். பத்து லட்சம் பேரில் இந்த ஆறு பேர் மட்டும் ஏன்? டார்ட்மூரில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வீடுகள் என்று ஹோம்ஸே வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். படித்த மனிதர்கள் அதைவிடக் குறைவு. வழக்குப் போடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கிழவர் ஃபிராங்க்லாண்ட், பூச்சி பிடிக்கும் ஸ்டேப்பிள்டன், அவருடைய தங்கை என்று சொல்லப்படும் பெண், டாக்டர் மார்டிமர். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத ஊரில் பாஸ்கர்வில் மாளிகையின் பணக்காரக் கிழவர் சர் சார்லஸ் இவர்களோடு பழகாமல் வேறு யாரோடு பழகுவார்? கொலையாளிக்கு அவருடைய பலவீனமான இதயமும் பேய் நாய் மீதான பயமும் தெரிந்ததே இந்தத் தனிமையின் உபயம்.

ஃபிராங்க்லாண்டின் வீட்டு மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. வேலையற்ற கிழவர் அதில் வெளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்வைக்கு மறைப்பில்லாத வெளி என்பதால்தான் தொலைநோக்கிக்கு அங்கே வேலை. கல்குடிலுக்குச் சாப்பாடு தூக்கிப் போகும் சிறுவனை அதில் கண்டுபிடிப்பது அவர்தான். கைதிக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார். ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குத் துப்புக் கிடைக்கிறது. ஒரு சின்ன கருவி, ஒரு கிறுக்குக் கிழவர், ஒரு மொட்டை வெளி. மூன்றில் எது இல்லாவிட்டாலும் காட்சி நிற்காது.

வாசகரை மூன்று முறை அழைத்துப் போங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் பலர் முதல் பக்கத்திலேயே களத்தில் இறங்கி வர்ணிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த நாவலில் முதல் ஐந்து அத்தியாயங்கள் லண்டனில் நடக்கின்றன. ஆனால் அந்த ஐந்துக்குள்ளேயே டார்ட்மூர் இரண்டு முறை வந்துவிடுகிறது. முதலில் 1742-ஆம் ஆண்டுத் தேதியிட்ட குடும்பக் கையெழுத்துப் பிரதி: குடித்துக் கூத்தடித்த மூதாதை, ஓடிய பெண், துரத்திய நாய். இது பயமாக மட்டும் வரும் டார்ட்மூர். அடுத்து, ஹோம்ஸ் ஒரு நாள் முழுக்கப் புகையிலைப் புகை மண்டிய அறையில் உட்கார்ந்து பெரிய அளவு நிலவரைபடத்தை ஆராய்கிறார். இங்கே மாளிகை, இங்கே கிரிம்பன் குக்கிராமம், இங்கே லாஃப்டர் ஹால், அங்கே 14 மைல் தள்ளிச் சிறை. இது கணக்காக வரும் டார்ட்மூர். வாசகருக்குத் தெரியாமலேயே அவர் மூளைக்குள் ஒரு வரைபடம் பதிந்துவிடுகிறது. பின்னால் ஆட்கள் ஓடும்போது யார் எங்கே என்று அவர் தடுமாறுவதில்லை.

மூன்றாவதாகத்தான் ரயில். சிறிய ஸ்டேஷன், வெளியேறும் வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். ஏன் என்று வண்டிக்காரன் சொல்கிறான்: சிறையிலிருந்து ஒரு கைதி தப்பி மூன்று நாளாகிறது. வருகை வர்ணனைக்குள் கதையின் இரண்டாம் இழை இப்படி நுழைந்துவிடுகிறது. வர்ணிப்பதற்காகக் கதை எங்கும் நிற்கவில்லை. மாளிகையின் இருட்டு நடைபாதையைப் பார்த்ததும் புதிய வாரிசு சர் ஹென்றி, ஆறு மாதத்தில் இங்கே வரிசையாக மின்விளக்கு போட்டுவிடுவேன் என்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்துவிட்டு வந்தவர் வேறு எப்படிப் பேசுவார்? அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய குணம், இடத்தின் பழமை, அந்தக் காலத்தின் புதுமை மூன்றும் தெரிகின்றன. இருட்டை எத்தனை பத்தி வர்ணித்தாலும் இது கிடைக்காது.

அளவு சொல்லுங்கள்

சர் சார்லஸ் செத்துக் கிடந்த யூ மர நடைபாதையைப் பாருங்கள். ஹோம்ஸ் மார்டிமரைக் குறுக்குவிசாரணை செய்து வாங்கும் தகவல்கள் இவை: இருபுறமும் 12 அடி உயரத்தில் உள்ளே நுழைய முடியாத அடர்ந்த வேலி. நடுவே 8 அடி அகலப் பாதை. அதற்கு இருபுறமும் 6 அடிக்குப் புல். நடுவில் ஓரிடத்தில் வெளிக்குத் திறக்கும் 4 அடி உயரச் சிறு மரக்கதவு. கதவுக்குப் பக்கத்தில் சுருட்டுச் சாம்பல் இரண்டு முறை விழுந்திருக்கிறது.

கேட்க வீட்டுத் தரகர் பேச்சு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அளவிலிருந்தும் ஒரு முடிவு பிறக்கிறது. சாம்பல் இரண்டு முறை விழ வேண்டுமானால் ஐந்து பத்து நிமிடம் அங்கே நின்றிருக்க வேண்டும். அப்படியானால் யாருக்காகவோ காத்திருந்தார். வேலி 12 அடி, ஆகவே பக்கவாட்டில் தப்ப முடியாது. கதவு தாழ்வு, ஆகவே பெரிய நாய் தாண்டும். கதவைத் தாண்டியதும் காலடித்தடம் மாறுகிறது; நுனிக்காலில் நடந்தார் என்று சாட்சி நினைத்தது, உண்மையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. பாதையில் தடம் விழும், புல்லில் விழாது; எது எங்கே கிடைத்தது என்பதே தடயமாகிறது.

ஆகவே உங்கள் நாவலில் கொலை நடக்கும் அறைக்கோ தெருவுக்கோ மட்டுமாவது அளவு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்கு மனநிலை போதும். கொலை நடந்த இடத்துக்கு டேப் வேண்டும். எழுதும் பக்கத்தில் எல்லா அளவும் வராமல் போகலாம். உங்கள் நோட்டில் இருந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் வடக்கே இருந்த கதவு பதினேழாம் அத்தியாயத்தில் கிழக்கே போகாது.

புதைசேறும் பனியும்

கிரிம்பன் மையர் என்று டாயில் பெயர் வைத்த புதைசேறு இந்த நாவலில் வரும் விதத்தை ஒரு முழு மாலை உட்கார்ந்து படிக்கலாம். ஃபாக்ஸ்டோர் மையர்ஸ் என்ற நிஜச் சதுப்பைப் பார்த்து எழுதியது என்பார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில் ஸ்டேப்பிள்டனே வாட்சனுக்கு அதைக் காட்டுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மட்டக்குதிரை சேற்றில் சிக்கிக் கத்திக்கொண்டே மூழ்குகிறது. கூடவே தற்பெருமையாக ஒன்று சொல்கிறான்: எனக்கு மட்டும் உள்ளே போய்வர வழி தெரியும். படிக்கும்போது அது ஓர் இயற்கை ஆர்வலரின் அலட்டலாகத் தோன்றுகிறது. உண்மையில் கொலையாளி தன் மறைவிடத்தைத் தானே நமக்குச் சொல்லிவிட்டான். நாயை எங்கே ஒளித்துவைக்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் கதையின் பாதிக்கு முன்பே பட்டப்பகலில் கிடக்கிறது. வாசகருக்குச் செய்ய வேண்டிய நியாயம் இதுதான். இடத்தின் ரகசியத்தைக் கடைசியில் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

இடையில் மார்டிமரின் செல்ல நாய்க்குட்டி வெளியில் ஓடிக் காணாமல் போகிறது. சேறு விழுங்கியிருக்கும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். கடைசியில், சேற்றின் நடுத்திட்டில் இருந்த பழைய சுரங்கக் குடிலில் சங்கிலியோடும் கடித்துப் போட்ட எலும்புகளோடும் அதன் எலும்புக்கூடும் கிடைக்கிறது.

இனி பனி. பதினான்காம் அத்தியாயத்தில் ஹோம்ஸ், வாட்சன், ஸ்காட்லாண்ட் யார்டின் லெஸ்ட்ரேட் மூவரும் ஸ்டேப்பிள்டனின் வீடான மெரிபிட் ஹவுஸிலிருந்து சுமார் 200 கஜம் தள்ளிப் பதுங்கியிருக்கிறார்கள். விருந்துக்கு வந்த சர் ஹென்றி தனியாகத் திரும்பி நடப்பார், நாய் வரும், பிடித்துவிடலாம். இதுதான் திட்டம். அப்போது சேற்றின் மேலிருந்து வெள்ளைச் சுவர் போல ஒரு பனி நகர்ந்து வருகிறது. முதலில் தோட்டத்துப் பின்சுவரை மூடுகிறது, பிறகு மரங்களை, பிறகு வீட்டின் கீழ்த்தளத்தை. மூவரும் பின்வாங்குகிறார்கள், பின்வாங்கிக்கொண்டே அரை மைல் தள்ளிப் போய்விடுகிறார்கள். சர் ஹென்றி பனியைக் கிழித்துக்கொண்டு நட்சத்திர வெளிச்சத்துக்கு வருகிறார். அவருக்குப் பின்னால் பாஸ்பரஸ் பூசிய நாய் பனிக்குள்ளிருந்து பாயும்போது மிகக் கிட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சுட்டுவீழ்த்துவதற்குள் அது அவர் மேல் விழுந்துவிடுகிறது. உயிர் தப்பினாலும் மனிதர் நரம்பு தளர்ந்து போகிறார்.

இந்தப் பனி கதைக்கு வெளியிலிருந்து வந்து விழுந்த தற்செயல் போலத் தோன்றவில்லையே, ஏன்? வருவது மெல்ல, கண்ணெதிரே, தடுக்க முடியாமல். அதோடு அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஹோம்ஸின் திட்டத்தைக் கெடுத்த அதே பனி, அன்றிரவே ஸ்டேப்பிள்டனையும் தீர்க்கிறது. சேற்றுக்குள் வழி தெரிய அவனும், தங்கை என்று சொல்லப்பட்ட அவன் மனைவியும் குச்சிகள் நட்டு வைத்திருந்தார்கள். பனியில் அவை கண்ணுக்குத் தெரியாது. அவன் பெருமையடித்த அந்த வழியே அவனைக் கைவிட்டுவிடுகிறது. ஒரே இயற்கை நிகழ்வு நல்லவனுக்கு மட்டும் உதவினால் அதிர்ஷ்டம் என்று வாசகர் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு தரப்பையும் அடித்தால் நம்புவார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேப்பிள்டன் சாவதை நாம் பார்ப்பதில்லை. சேற்றில் போயிருப்பான் என்று ஊகிக்கிறார்கள்; கிடைத்தது சர் ஹென்றியின் திருட்டுப்போன பழைய பூட்ஸ் மட்டும். கவித்துவமான முடிவு என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது, நிலத்திடமே தீர்ப்பை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் கைகழுவியது போலத்தான் படுகிறது. உங்கள் நாவலில் இதைச் செய்தால் பதிப்பாசிரியர் பிடித்துக்கொள்வார்.

நிஜ ஊரை எவ்வளவு வளைக்கலாம்?

வேண்டிய அளவு. டாயில் பெயர்களை மாற்றினார், தூரங்களை இழுத்தார், சேற்றைப் பெருக்கினார். டார்ட்மூரின் வெண்கலக் காலக் குடில்கள் எதற்கும் இன்று கூரை கிடையாது, அவர் போனபோதும் கிடையாது. அடிச்சுவர் வட்டம் மட்டும்தான். ஹோம்ஸ் மழையில் நனைந்துகொண்டே துப்பறிய முடியாதே என்று ஒரு குடிலுக்கு மட்டும் பாதிக் கூரையை மிச்சம் வைத்துவிட்டார். நாவலுக்குள் அவர் போட்ட வரைபடம் மட்டும் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொண்டார். கூரையை அவருக்கு மன்னித்துவிடலாம். ஒரே இரவில் 14 மைலை 4 மைலாக்கியிருந்தால் மன்னித்திருக்க மாட்டோம்.

அதேபோல வெளியிலிருந்து களத்துக்குப் பொருள் வரும் வழியையும் யோசித்து வையுங்கள். இவ்வளவு பெரிய நாயை ஊர்க்காரர் கண்ணில் படாமல் ஸ்டேப்பிள்டன் எப்படிக் கொண்டுவந்தான்? லண்டனில் வாங்கி, பக்கத்து ஸ்டேஷனில் இறங்காமல் வட டெவன் ரயில் பாதையில் வந்து, வெளியில் நெடுந்தூரம் நடத்தியே கூட்டிவந்தான் என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. ஒரு வாக்கியம்தான். இல்லாவிட்டால் ஓட்டை.

மூடிய களங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அகதா கிறிஸ்டி அதை எல்லோருக்கும் பழக்கப்படுத்திவிட்டார். 1934-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' நாவலில் யூகோஸ்லாவியாவின் பனிக்குவியலில் ரயில் நின்றுவிடுகிறது: யாரும் இறங்கிப் போக முடியாது, போலீஸ் வர முடியாது, வெளியே தடமில்லாத பனி. 1929-இல் நிஜ ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் துருக்கியில் பல நாள் பனியில் சிக்கியிருந்தது. 1931-இல் கிறிஸ்டியே அந்த ரயிலில் வரும்போது வெள்ளத்தால் நடுவழியில் நின்றார். கப்பல், தீவு, ரயில் மூன்றும் ஆரம்ப எழுத்தாளருக்குச் சுலபமான இடங்கள், கதவைச் சாத்தினால் போதும். டார்ட்மூரில் கதவே இல்லை. எட்டுத் திசையும் திறந்திருக்கிறது, ஆனாலும் யாரும் வெளியேறுவதில்லை. அதை எழுதுவதுதான் கஷ்டம்.

பயிற்சி

நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுங்கள். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் என்று வைத்துக்கொள்வோம். கொலையைப் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம். ஒரு முழுத் தாளில் வரைபடம் போடுங்கள்: பாத்திகள், வரப்புகள், உப்பு அம்பாரம், லாரி வரும் பாதை, பம்புசெட், டீக்கடை. இருட்டில் வரப்பு மாறாமல் நடக்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார்? விடியுமுன் வேலைக்கு வருபவர்கள் எந்தப் பக்கமிருந்து வருவார்கள்? ஈர வரப்பில் விழும் தடம் வெயில் ஏறியதும் என்னவாகும்? வடகிழக்குப் பருவமழைக்கு முன் அம்பாரத்தை மூடிவைக்கிறார்களே, அதற்குள் எத்தனை நாள் எது மறைந்திருக்க முடியும்? அந்த வெளியில் சம்பந்தமில்லாமல் அலைந்தாலும் யாரும் கேள்வி கேட்காத ஆள் யார்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் குறைந்தது ஐந்து பதில்களாவது எழுதுங்கள். அவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தவரைச் சந்தேகப் பட்டியலில் இரண்டாவதாகப் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.